கிறிஸ்துமஸுக்கு முன் கைக்குழந்தைகளோடு ஏற்காடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிவதற்கும் கிறிஸ்துமஸ் வருவதற்கும் நடுவே பெரும்பாலும் ஓரிரு நாட்கள்தான் கிடைக்கின்றன. அந்தச் சிறு இடைவெளிக்குள் ஏற்காட்டுக்கும் போய்வர வேண்டும், கடைவீதியில் துணியும் எடுக்க வேண்டும், நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தின் அலங்கார விளக்குகளையும் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்று சேலத்துக் குடும்பங்கள் திட்டமிடுகின்றன. உறவுக்காரக் குழந்தைகளையும் எங்கள் தெருக் குழந்தைகளையும் டிசம்பர்தோறும் மலைக்கு அழைத்துப் போய்வருவது எனக்கு வழக்கமாகிவிட்டதால், புதிதாகப் பெற்றோரானவர்கள் கிளம்பும் முன் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. கேட்டுக்கொண்டு போய், ஒரு காலத்தில் நான் செய்த அதே பிசகுகளை வரிசை மாறாமல் செய்துவிட்டுத் திரும்புவார்கள். மாற்றுத்துணி, ஸ்வெட்டர், வெந்நீர் பிளாஸ்க் ஆகியவற்றை மறக்க வேண்டாம் என்று இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டி இருக்கிறார்.

அடிவாரத்தில் வயிறு நிறையச் சிற்றுண்டி

அடிவாரத்தைத் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவுகள் காத்திருக்கின்றன. வண்டி வளைந்து வளைந்து ஏறும்போது, உடல் சுழல்கிறது என்று உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு மூளைக்குச் சொல்கிறது. கையிலிருக்கும் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்பாட்டிலிருந்துதான் குமட்டல் பிறக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது அரிதாகவே வரும். அதற்கு மேல் ஏறக்குறைய பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். ஆகவே மலையேறும் முன் நெய் சொட்டும் பொங்கலையும் வடையையும் ஊட்டிவிட்டு, அழாமல் வரட்டும் என்று கையில் செல்போனையும் கொடுப்பவர்கள் வாந்திக்குத் தாங்களே ஏற்பாடு செய்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டில் இரண்டு இட்லி கொடுத்து, வண்டியின் கண்ணாடியைச் சற்று இறக்கி, தூரத்து மலைமுகட்டைப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் தெளிவாகவே மேலே வந்து சேர்வார்கள். வாந்திக்கான மருந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

"வந்ததே வந்தோம், அதையும் பார்த்துவிடுவோம்"

குழந்தைகளோடு போகும் பயணங்களை இந்த ஒரு வாக்கியம் கெடுத்த அளவுக்கு மழையும் கெடுத்ததில்லை, பனியும் கெடுத்ததில்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

சென்ற ஆண்டு எங்கள் தெருவைச் சேர்ந்த ஓர் இளம் தம்பதியர், நான்கு வயது மகளையும் எட்டு மாதக் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு என்னோடு மலைக்கு வந்தார்கள். ஏரியும் மான் பூங்காவும் போதும், மதிய உணவு முடிந்ததும் இறங்கிவிடலாம் என்றுதான் பேசி வைத்திருந்தோம். படகுத்துறை வரிசையிலேயே நேரம் போய்விட்டது. அதன் பின் பகோடா பாயிண்டைப் பார்க்காமல் எப்படி என்றார் கணவர். அங்கிருந்து திரும்பியதும், இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் சேலம் நகரம் முழுவதும் விளக்குகளாகத் தெரியுமே, வந்ததே வந்தோம் என்றார் மனைவி. அவர் சொன்னது பொய்யில்லை, தெளிவான இரவில் அது அருமையான காட்சிதான். ஆனால் டிசம்பரில் பொழுது ஆறு மணியளவில் சாய்ந்தவுடன் மூடுபனி ஏறி வந்துவிட்டால், அங்கே நிற்பவருக்குத் தெரிவது பக்கத்தில் நிற்பவரின் சால்வை மட்டுமே. அன்றும் அப்படித்தான் ஆயிற்று. இதற்கிடையே, மலையில் படம் நன்றாக விழும் என்று, 25-ஆம் தேதி கோயிலுக்குப் போடுவதற்காக எடுத்த வலைத்துணிக் கவுனை மகளுக்கு அப்போதே போட்டுவிட்டிருந்தார்கள்.

கீழே இறங்கத் தொடங்கியபோது இரு குழந்தைகளும் தூங்கிப்போயிருந்தார்கள். தூங்கும் குழந்தையைக் கண்டு பெற்றோர் நிம்மதியடைகிறார்கள். இறக்கத்தில் அந்த நிம்மதி நெடுநேரம் நிலைப்பதில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலும், சேலம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்திலும் இருக்கின்றன. இந்த வித்தியாசத்தை ஒரு மணி நேரத்துக்குள் கடந்து இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே வந்து செவிப்பறையை உள்நோக்கி அழுத்துகிறது. தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் மெல்லிய குழாய் திறந்து வழிவிட்டால் அழுத்தம் சமமாகிவிடும். விழுங்கும்போதுதான் அது நன்றாகத் திறக்கும். குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குறுகலானது, சளி பிடித்திருந்தால் அடைத்தும் இருக்கும், தூக்கத்திலோ அவர்கள் விழுங்குவதே குறைவு. பாதி மலை இறங்குவதற்குள் கைக்குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. பசி என்றார்கள், பிறகு பயம் என்றார்கள், பிறகு கண்பட்டுவிட்டது என்றார்கள். அழுகுரலில் விழித்த அக்கா, இருட்டில் வளைவுகளின் ஆட்டம் தாங்காமல், அந்தக் கவுன் முழுவதும் வாந்தியெடுத்தாள்.

இவ்வளவும் ஆன பிறகாவது வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். நகருக்குள் நுழைந்ததும், நான்கு ரோடு வழியாகத்தானே போகிறோம், விளக்கையும் பார்த்துவிடலாம் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். போர்வை சுற்றிய மகள் ஒரு தோளிலும் விம்மி ஓய்ந்த கைக்குழந்தை இன்னொரு தோளிலுமாக, அந்த நெரிசலில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காதுவலிக்கு மருத்துவரிடம் கொடுத்த கட்டணமும், புதிதாக இன்னொரு கவுன் வாங்கிய செலவும் சேர்ந்து, மலைக்குப் போய்வந்த வண்டி வாடகையைத் தாண்டிவிட்டன.

மலையைக் காலை நேரத்துக்கென்று ஒதுக்கிவிட வேண்டும், விளக்குகளை வேறொரு நாள் மாலைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஆறரைக்குச் சேலத்தில் கிளம்பினால் எட்டு மணிக்குள் ஏரிக்கரையில் இருக்கலாம், அப்போது படகுத்துறையில் கூட்டமும் சேர்ந்திருக்காது. அதன் பின் இன்னும் ஓரிடம், அதற்கு மேல் வேண்டாம். சிறு குழந்தைக்குப் பகோடா பாயிண்டின் பள்ளத்தாக்கைவிட, காப்பித் தோட்ட வேலி ஓரத்தில் சிவந்து நிற்கும் பழங்கள்தான் அதிசயம். டிசம்பரில் அறுவடைக் காலமும் நடப்பதால் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. பன்னிரண்டு மணிக்கு மதிய உணவை முடித்து, சிறிது இளைப்பாறி, இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள். இறங்கும்போது குழந்தையை விழித்திருக்க விடுவது நல்லது. பெரிய குழந்தைக்கு அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் போதும். பால் குடிக்கும் குழந்தையாக இருந்தால், வண்டியை ஒதுக்கி நிறுத்த இடமிருக்கும் பகுதியில் நிறுத்தி இரண்டு முறையாவது பால் கொடுக்க வேண்டும். விழுங்குவதற்காக என்று மிட்டாயைக் கொடுத்து, குலுங்கும் வண்டியில் தொண்டையில் சிக்க வைத்துவிட வேண்டாம். கடும் சளி பிடித்திருக்கும் குழந்தையோடு அந்த வாரம் மலைக்கே போக வேண்டாம். மலை அடிவாரத்திலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது.

படகு

பெரியவர்களுக்கான லைஃப் ஜாக்கெட்டை மூன்று வயதுக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழும்போது ஜாக்கெட் மட்டும் மிதக்கும். அளவானது கிடைக்காவிட்டால் கரையில் நின்று வாத்து பாருங்கள்.

குரங்கு

குழந்தையின் கையில் தின்பண்டம் இருந்தால் அது கேட்டு வாங்காது.

தாத்தாவின் முகமூடி

நம் ஊரில் கிறிஸ்துமஸ் தாத்தா என்றால் பெரும்பாலும் சிவப்பு அங்கி, பஞ்சுத் தாடி, இளஞ்சிவப்பு முகமூடி ஆகிய மூன்றும் சேர்ந்த உருவம். கேரல் குழுவோடு டிரம் சத்தத்துக்கு ஆடிக்கொண்டு வரும் அந்த முகத்தில் கண்ணும் அசையாது, வாயும் அசையாது. எட்டு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தை அறிமுகமில்லாத மனிதரைக் கண்டாலே தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் பருவத்தில் இருக்கிறது. அதைப் பிடுங்கித் தாத்தாவின் மடியில் வைத்து, அழுகையையும் சேர்த்துப் படமெடுத்து, சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் அனுப்புகிறவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிவதில்லை. பத்தடி தள்ளி நின்று கையசைக்கச் சொல்லுங்கள், மிட்டாயைப் பெற்றோர் வாங்கிக் கொடுங்கள். உள்ளே இருப்பவர் பக்கத்து வீட்டு மாமாவாக இருந்தால், குழந்தையின் எதிரிலேயே முகமூடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லலாம். கேரல் குழுவினர் இரவு வெகுநேரம் கழித்து வருவதாக இருந்தால், தூங்கும் குழந்தையை எழுப்பித் தூக்கிவர வேண்டிய அவசியமும் இல்லை.

இருசக்கர வாகனத்தில் மலையேற்றம்

பெட்ரோல் டாங்கின் மேல் குழந்தையை உட்கார வைத்து மலையேறும் குடும்பங்களை இந்த மாதத்தில் நிறையவே பார்க்கிறேன். 2022-இல் அறிவிக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதியின்படி, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு பாதுகாப்புப் பட்டையால் பிணைக்க வேண்டும், ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அளவான தலைக்கவசம் அணிவிக்க வேண்டும், வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இவையெல்லாம் இருந்தாலும் மார்கழிப் பனியில் கைக்குழந்தையை அப்படிக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன். அரசுப் பேருந்து ஓடுகிறது.

குடில் பார்க்க அவசரம்

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னதாகவே குடிலைக் காட்டிவிட வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கக் கோயில்களில் 24-ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலியின்போதுதான் குழந்தை இயேசுவின் சொரூபத்தைக் குடிலில் வைப்பது வழக்கம். அதுவரை மாடும் ஆடும் சூசையப்பரும் மாதாவும் இருப்பார்கள், தொழுவத்தின் நடுவில் வைக்கோல் மட்டும் கிடக்கும். "பாப்பா எங்கே?" என்று குழந்தை கேட்கும்போது பெற்றோர் முழிக்கிறார்கள். அதற்காக நள்ளிரவுத் திருப்பலிக்குச் சின்னஞ்சிறு குழந்தையைப் பனியில் கொண்டுவந்து உட்கார வைக்கவும் தேவையில்லை. 25-ஆம் தேதி காலையிலும் திருப்பலி உண்டு. குடிலைப் பொதுவாக ஜனவரித் தொடக்கத்தில் வரும் திருக்காட்சிப் பெருவிழா வரை கலைக்க மாட்டார்கள். பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் புத்தாண்டு வரை நீடிப்பதால், 27 அல்லது 28-ஆம் தேதி மாலையில் போனால் விளக்குகளும் எரியும், கூட்டமும் குறைந்திருக்கும், குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு நிதானமாகக் காட்டவும் முடியும்.