டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்: மெயின் ஜெட்டைக் கழற்றும் முன்

வண்டி திணறுகிறது, பிளக் அடிக்கடி நனைந்துபோகிறது என்றதும் பலரும் முதலில் கழற்றுவது மெயின் ஜெட்டைத்தான், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் பெரிய துளைத் திருகை. ஆனால் த்ராட்டிலை முக்கால் பங்குக்கு மேல் முறுக்கினால்தான் மெயின் ஜெட்டுக்கு வேலையே வருகிறது. வளைந்து நெளிந்து போகும் மண்பாதையில் பாதி த்ராட்டிலைத் தாண்டுவதே அபூர்வம், அங்கே எஞ்சினுக்குப் பெட்ரோல் கொடுப்பது பெரும்பாலும் ஐட்லிங்குக்கான சிறிய பைலட் ஜெட்டும், த்ராட்டிலோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலும்தான்.

அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கிரிப்பிலும் அதன் பக்கத்து மூடியிலும் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் வண்டி சொதப்புகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஏர் ஃபில்டர் சுத்தமா, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் உயரம் சரியா, புது பிளக்கா என்றும் பார்த்துவிடுங்கள். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கி நின்றால் பைலட் லீனாக (காற்றுக்குப் பெட்ரோல் குறைவாக, கூடுதலாக இருந்தால் ரிச்) இருக்கலாம், இல்லை கிராங்க் ஆயில் சீல் வழியாகக் காற்று உள்ளே போகலாம். சீல் போயிருந்தால் ஜெட் மாற்றிப் பயனில்லை. ஆயில் கலவையையும் நடுவில் மாற்றாதீர்கள். பெட்ரோலுக்கு ஆயில் 40:1-லிருந்து 32:1-க்குப் போனால் ஆயில் கூடுகிறது, அதே ஓட்டை வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது, கலவை லீனாகிறது. பலர் இதைத் தலைகீழாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள்.

சரி, பைலட். எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முட்டும்வரை உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஐட்லிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே அந்த இடம் வந்தால் ஒரு அளவு பெரிய பைலட் வேண்டும், இரண்டரைச் சுற்றைத் தாண்டினால் சிறியது. இந்த ஸ்க்ரூ காற்றைக் கட்டுப்படுத்துவது, எனவே உள்ளே திருகினால் ரிச்.

அடுத்தது நீடில், எனக்கு இதுதான் முக்கியம். கால் முதல் முக்கால் வரை இதன் ராஜ்ஜியம். நீடிலின் மேல்முனைப் பள்ளங்களில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் மேலே ஏறி ரிச்சாகும், மேலே ஏற்றினால் லீன். பாதி த்ராட்டிலில் பொதபொதவென்று ஓடி, புகை தள்ளி, இழுவை இல்லாமல் போனால் ரிச். முறுக்கிய கணமே வெறுமையாக அமுங்கிப் பிறகு திடீரென்று பாய்ந்தால் பெரும்பாலும் லீன். ஒரு நேரத்தில் ஒரு பள்ளம் மட்டும் மாற்றி, ஓட்டிப் பாருங்கள்.

கடைசியில் மெயின். எஞ்சினைச் சூடாக்கிவிட்டுப் புது பிளக் போட்டு, நீளமான நேர்பாதையில் முழு த்ராட்டிலில் ஓட்டி, கிளட்சையும் கில் ஸ்விட்சையும் ஒன்றாக அழுத்துங்கள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானை அடிவரை உற்றுப் பாருங்கள். பழுப்பு என்றால் நல்லது, வெளுப்பு லீன், ஈரக் கறுப்பு ரிச். ஓடும்போது உலோகம் தட்டுவதுபோல் சத்தம் வந்தால் உடனே த்ராட்டிலை விட்டுவிட்டு இரண்டு அளவு பெரிய ஜெட் போடுங்கள். சந்தேகம் வந்தால் எப்போதும் ரிச் பக்கம் நில்லுங்கள். ரிச்சானால் போவது ஒரு பிளக், லீனானால் போவது பிஸ்டன்.

வெயில் நாளில் சரியாக அமைத்த ஜெட்டோடு ஒரு குளிர்ந்த விடியலில் முழு வேகத்தில் போய் நான் பிஸ்டனை சீஸ் செய்திருக்கிறேன், அதாவது சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிச் சிக்கவைத்திருக்கிறேன். குளிர்காற்று அடர்த்தியானது, அதற்கு ஏற்றபடி பெட்ரோலும் கூட வேண்டும். மலை மேலே காற்று மெலிவதால் அங்கே சிறிய ஜெட் போதும். அப்புறம், கார்புரேட்டர் கம்பெனிகளில் கெய்ஹின் ஜெட் எண்ணும் மிக்குனி எண்ணும் ஒன்றல்ல, எண் பொருந்துகிறது என்று மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அன்றைய வெப்பநிலை, பைலட், கிளிப் பள்ளம், மெயின், ஆயில் விகிதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், அடுத்த குளிர்காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.