கருப்பைவாய்ப் புற்றுநோய்: பரிசோதனையோடு நின்றுவிடும் தவறுகள்

பரிசோதனை முகாம் முடிந்ததும் மேலிடத்துக்கு முதலில் போவது, எத்தனை பெண்கள் வந்தார்கள் என்ற எண்ணிக்கைதான். அவர்களில் எத்தனை பேருக்குப் பாதிப்பு தென்பட்டது, அப்படித் தென்பட்டவர்களில் எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. 2022-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். அந்த இறப்புகளில் 94 சதவீதம் குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் நிகழ்ந்தவை. இதற்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரஸின் தொற்று புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை நீண்ட அவகாசமும் வீணாவதற்கு மருத்துவ அறிவின் போதாமையைக் காட்டிலும் திட்டமிடுதலில் நேரும் பிழைகளே காரணம் என்பது என் கருத்து.

அவற்றுள் பெரிய பிழை, பரிசோதனையையும் சிகிச்சையையும் பல நாட்களுக்குப் பிரித்து வைப்பது. கருப்பைவாயின் செல்களைச் சுரண்டி எடுத்துச் சோதிக்கும் பாப் ஸ்மியர் முறையில் மாதிரி எடுக்க ஒரு நாள், முடிவை வாங்க ஒரு நாள், உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோப்பிக்கு ஒரு நாள், திசு ஆய்வின் முடிவுக்கு ஒரு நாள், சிகிச்சைக்கு இன்னொரு நாள் என்று ஒரு பெண் அலைய வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் கூலியையும் பேருந்துச் செலவையும் கேட்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும். மூன்றாம் முறை வராமல் போனவரை ‘அலட்சியக்காரர்’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. தெர்மல் அப்லேஷன் எனப்படும் வெப்பச் சிகிச்சை இந்த அலைச்சலைப் பெருமளவு குறைக்கிறது: சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிய முனையைக் கருப்பைவாயில் அரை நிமிடம் அளவுக்கு வைத்து, புற்றுநோயாக மாறக்கூடிய திசுவை அழிக்கிறார்கள். மின்கலத்தில் இயங்கும் கையடக்கக் கருவிகள் உள்ளன. உறையவைத்து அழிக்கும் கிரையோதெரபிக்குத் தேவைப்படும் வாயு உருளையைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். சாம்பியாவில் 2006 முதல் செவிலியர்களை முன்னிறுத்தி, பார்த்த அன்றே சிகிச்சை அளிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது.

ஆனால் ‘அன்றே சிகிச்சை’ என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் இதைச் செய்வதும் தவறு. பாதிப்பு கருப்பைவாயின் உட்குழாய்க்குள் நீண்டிருந்தாலோ, முழுப் பகுதியும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ, புற்றுநோய் என்ற ஐயம் சிறிதளவே எழுந்தாலும், வெப்பச் சிகிச்சை கூடாது. அந்தப் பெண்ணை மேல்மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மலிவு என்பதற்காக அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் முறையை மட்டுமே நம்புவது அடுத்த பிழை. அமிலம் பட்டு ஒரு நிமிடத்தில் வெளிறும் திட்டை இனங்காண்பது பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம், பார்க்க வேண்டிய பகுதியே உள்ளே மறைந்துவிடுவதுண்டு. இந்தியாவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் சுமார் 1,31,000 பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு சுற்று எச்.பி.வி. பரிசோதனை முற்றிய புற்றுநோயையும் இறப்பையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. இதற்கான மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துத் தரலாம். முடிவை எப்படிச் சொல்வது என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் வீட்டில் உள்ள ஒரே கைபேசி அந்தப் பெண்ணின் கையில் இருக்கிறது என்று நாமாக முடிவுகட்டக் கூடாது.

‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை விளக்கமின்றிச் சொல்வதால் பலர் மறுபடி வருவதே இல்லை. எச்.பி.வி. இருப்பது புற்றுநோய் இருப்பதாகாது. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாக மறைகின்றன.

பிரசவத்துக்கும் கருத்தடைக்கும் வரும் இளம்பெண்களே எளிதில் கிடைப்பதால் அவர்களையே திரும்பத் திரும்பப் பரிசோதிப்பதும் நடக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதிலும், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலும் தொடங்கச் சொல்கிறது.

இடைவிடாத உதிரப்போக்கோடு வரும் பெண்ணை முகாம் வரிசையில் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் உறுத்தலான தவறு. முகாம் அறிகுறி இல்லாதவர்களுக்கானது. அவருக்குத் தேவை உடனடியான பரிசோதனையும் திசு ஆய்வும். பாப் ஸ்மியர் முடிவு ‘இயல்பு’ என்று வந்தால், பொய்யான நிம்மதியோடு அவர் வீட்டுக்குப் போய்விடுவார்.

நோய் உறுதியானவர்களுக்கு வழி செய்யாமல் முகாமைத் தொடங்குவதும் உண்டு. 2030-க்குள் பாதிப்பு கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினர் சிகிச்சை பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. பல நாடுகளில் கதிர்வீச்சுக் கருவி ஒன்றுகூட இல்லை. உகாண்டாவில் இருந்த ஒரே கருவி 2016-இல் பழுதானபோது நோயாளிகள் அண்டை நாட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அதே உகாண்டாவில்தான், வலியில் துடிப்பவர்களுக்கு வாய்வழி மார்ஃபினைப் பரிந்துரைக்கும் அதிகாரம் பயிற்சி பெற்ற செவிலியர்களுக்கு 2004-லேயே வழங்கப்பட்டிருந்தது. மருத்துவர் வரும்வரை வலியோடு காத்திருக்க வைக்கும் நாடுகள் இன்னும் இருக்கின்றன.