ஆபீஸ் போகும் சைக்கிளுக்கு எடை குறைந்த ஃப்ளாட் பெடல்: எதைப் பார்த்து வாங்குவது

நடுத்தர விலையில் ஒரு ஹைப்ரிட் சைக்கிள் வாங்கினால் அதோடு வருவது பெரும்பாலும் வழவழப்பான பிளாஸ்டிக் பெடல்தான். காய்ந்த ரோட்டுக்கு அது போதும். ஆனால் பெங்களூரில் காலையில் வெயிலில் ஆபீஸ் போய், சாயங்காலம் இடியும் மழையுமாக வீடு திரும்புவது ஏப்ரல், மே தொடங்கி அக்டோபர் வரை சர்வசாதாரணம். சிக்னலில் பச்சை விழுந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்ப, நீங்களும் எழுந்து நின்று அழுத்தி மிதிக்க, அந்த நேரம் பார்த்து ஈரக் கால் வழுக்கினால் பின்னால் வரும் பஸ்காரர் பிரேக் பிடிப்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது. ஃப்ளாட் பெடல், அதாவது ஷூவைப் பூட்டாமல் சும்மா கால் வைத்து மிதிக்கும் தட்டையான பெடல், நல்லதாகப் பார்த்து மாற்ற வேண்டியது இதற்காகத்தான். ஆனால் தேட உட்கார்ந்த உடனே பலர் எடை எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் பிடிப்பு, அப்புறம் பேரிங், எடை மூன்றாவதுதான்.

எடையை முதலில் பேசி முடித்துவிடுவோம். இரும்பும் ரப்பருமாக வரும் பழைய பாணிப் பெடல்கள் ஜோடி அரைக் கிலோவுக்குப் பக்கமாகவோ அதற்கு மேலோ இருக்கும். நைலான் உடலும் க்ரோமோலி எஃகு அச்சும் உள்ளவை ஜோடிக்கு 300 முதல் 400 கிராம், அலுமினியம் என்றால் பொதுவாக 350 முதல் 450. மக்னீசியம் உடல், டைட்டானியம் அச்சு என்று போனால் 300க்குக் கீழேயும் கிடைக்கும், விலைதான் எங்கேயோ போய்விடும். பழைய இரும்புப் பெடலை எடுத்துவிட்டு நைலான் போட்டால் மிஞ்சுவது 150, 200 கிராம். முதுகுப் பையில் இருக்கும் லேப்டாப்பும் சார்ஜரும் மட்டும் இரண்டு கிலோ வரும், முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டில் முக்கால் கிலோ. சுழலும் பாகம் என்பதால் பெடலில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் இரண்டு மடங்கு பலன் தரும் என்று சிலர் சொல்வார்கள். பெடல் சுற்றுவது நிமிடத்துக்கு 60, 80 தடவை, அதுவும் 17 சென்டிமீட்டர் நீளக் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கை) முனையில். அந்த வேகத்தில் சுழற்சியால் வரும் வித்தியாசம் உங்கள் காலுக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் எடை குறைந்ததை எதற்கு வாங்க வேண்டும்? லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தினமும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்களுக்கும், மடக்கு சைக்கிளை மெட்ரோவில் எடுத்துப் போகிறவர்களுக்கும் ஒவ்வொரு நூறு கிராமும் கணக்குதான். மற்றவர்களுக்கு, எடை குறைந்த நல்ல பெடல் பெரும்பாலும் மெல்லியதாகவும் அகலமாகவும் இருக்கும் என்பதே லாபம். பாதம் அச்சுக்குப் பக்கத்தில் உட்காரும், நின்று மிதிக்கும்போது கால் ஆடாது.

வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். சில விளம்பரங்களில் போட்டிருக்கும் எடை ஒரு பெடலுக்கு, சிலவற்றில் ஜோடிக்கு. 190 கிராம் என்று பார்த்து மயங்கிவிட வேண்டாம், அது ஒற்றைப் பெடலாக இருக்கும். வந்ததும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், சொன்ன எடைக்கும் உள்ளதற்கும் பெரிய இடைவெளி இருந்தால் திருப்பி அனுப்புங்கள். எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். உடலில் குறைத்திருந்தால் நல்லது. டைட்டானியம் அச்சு போட்டவை பலவற்றுக்கு ஓட்டுபவரின் எடை இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு உண்டு. உங்கள் எடை, பை, டிபன் பாக்ஸ் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மொத்த பாரமும் நிற்கிற காலில்தான் இறங்கும். தினசரிப் பயணத்துக்கு க்ரோமோலி அச்சு போதும்.

இனி பிடிப்பு. பெடலைக் கையில் எடுத்து, மேல்பரப்பில் கட்டைவிரலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். சில பெடல்களில் பிளாஸ்டிக்கிலேயே வார்த்த சின்னச் சின்ன முட்டுகள் இருக்கும். புதிதாக இருக்கும்போது குத்துகிற மாதிரி இருந்தாலும், கொஞ்ச காலத்தில் முனை மழுங்கி ஈரத்தில் சோப்பு மாதிரி ஆகிவிடும். அதற்குப் பதிலாக ஸ்டீல் பின், அதாவது ஆணி மாதிரி சின்னத் திருகு, பதித்திருப்பதை வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு எட்டு, பத்து பின், மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரம், முக்கியமாகக் கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். பின்னை எந்தப் பக்கத்திலிருந்து திருகுகிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். மேலிருந்து திருகும் வகையில் தலை தேய்ந்தாலோ கல்லில் பட்டு நசுங்கினாலோ ஆலன் கீ உள்ளே போகாது, அப்புறம் கட்டிங் பிளேயரோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். அடிப்பக்கத்திலிருந்து திருகி மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வகையில் அந்தத் தொல்லை கிடையாது.

ஆனால் பின் விஷயத்தில் நீங்கள் எதைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம். தட்டையான ரப்பர் அடியுள்ள கேன்வாஸ் ஷூவுக்கு இந்தப் பின்கள் கச்சிதமாகப் பொருந்தும். தோல் அடிபோட்ட ஃபார்மல் ஷூ என்றால் பின் அதைக் கொத்திப் போட்டுவிடும், அதை ஆபீஸிலேயே வைத்துவிட்டு வேறு ஷூவில் ஓட்டுங்கள். மெல்லிய செருப்பில் ஓட்டுகிறவர்களுக்கு உயரமான பின் பாதத்தில் உறுத்தும். அவர்கள் உயரம் குறைந்த பின்னோ, சொரசொரப்பான பட்டை ஒட்டிய பெடலோ பார்க்கலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது பெடல் சுற்றி வந்து முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் இடிக்கும், பின் இருந்தால் தோலைக் கிழித்துவிடும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் மாதிரி நெருக்கமான இடத்தில் கொஞ்சம் தள்ளி நின்று தள்ளுங்கள்.

அகலம் 95 முதல் 105 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான பாதங்களுக்குச் சரி. அதற்கு மேல் பெரிதாகப் போனால் வளைவில் சாயும்போதும், நம்ம ஊர் செங்குத்து ஹம்ப்பிலும், நடைபாதை ஓரத்திலும் பெடல் இடிக்க வாய்ப்பு கூடும். மெல்லிய பெடலுக்கு இங்கேயும் ஒரு மதிப்பெண் அதிகம்.

பேரிங்தான் மழைக்கால ஊரில் பெடலின் ஆயுள். விலை குறைந்த பெடலில் திறந்த பால்ரஸ் குண்டு இருக்கும். அது மோசம் இல்லை, பிரித்து, கழுவி, புதுக் கிரீஸ் வைத்தால் வருஷக்கணக்கில் ஓடும், ஆனால் அந்த வேலையைச் செய்ய ஆள் வேண்டும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் தினமும் போகிறவர் என்றால் சீல்டு பேரிங், அதாவது தண்ணீரும் மண்ணும் எளிதில் புகாதபடி மூடிய பேரிங், வாங்குங்கள். ரொம்ப மெல்லிய பெடல்களில் ஒரு பக்கம் பேரிங்கும் மறுபக்கம் புஷ்ஷும் (குண்டு இல்லாத வெறும் குழல்) இருக்கும். அந்தப் புஷ் மாற்றக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடையில் அச்சைப் பிடித்துக்கொண்டு பெடலைச் சுற்றிப் பாருங்கள். புதுப் பெடல் விர்ரென்று சுற்றாமல் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றினால் நல்லது, உள்ளே கிரீஸ் இருக்கிறது, சீல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மணல் நெறுநெறுப்போ, பக்கவாட்டில் ஆட்டமோ இருந்தால் வேண்டாம்.

மரை அளவையும் மறக்க வேண்டாம். கியர் வைத்த பெரியவர் சைக்கிள்களில் அநேகமாக எல்லாவற்றுக்கும் 9/16 அங்குலம். குழந்தைகள் சைக்கிளிலும் ஒரே துண்டாக வளைத்த கிராங்க் உள்ளவற்றிலும் 1/2 அங்குலம். ஒன்று இன்னொன்றில் ஏறாது.

என் கை இப்போதைக்குப் போவது நைலான் உடல், க்ரோமோலி அச்சு, மாற்றக் கூடிய ஸ்டீல் பின், சீல்டு பேரிங், ஜோடி 350 முதல் 400 கிராம் என்ற வகைக்குத்தான். ரேஸ் ஃபேஸ் கம்பெனியின் செஸ்டர் பெடல் இந்த வகையில் பெயர் வாங்கியது, மலைப்பாதை சைக்கிள்களுக்காகச் செய்தது என்பதால் நம்ம ரோட்டுக்குத் தாராளமாகத் தாங்கும். அதே அமைப்பில் விலை குறைந்தவையும் கிடைக்கின்றன. மக்னீசியத்துக்கு ஆகும் கூடுதல் காசில் நல்ல மட்கார்டும் நல்ல டயரும் வாங்கிவிடலாம். இந்த வகைப் பல பெடல்களில் ரிஃப்ளெக்டர் வராது, பழைய பெடலில் இருந்தது போய்விடும். மேலும் கீழும் போகும் அந்த மஞ்சள் வெளிச்சம்தான் இரவில் பின்னால் வருகிறவருக்கு இது சைக்கிள் என்று சட்டென்று சொல்லும். அதை ஈடுகட்டக் கணுக்காலில் ஒரு ரிஃப்ளெக்டர் பட்டை கட்டுங்கள்.

மாட்டுவது பத்து நிமிட வேலை. அல்சூரில் நான் போகும் கடை அண்ணன் துரு ஏறிய பெடல் எது வந்தாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கிரீஸ் இல்லாம மாட்டினீங்களா சார்?" எஃகு அச்சும் அலுமினியக் கிராங்கும் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஸ்பானருக்குக் குழாய் மாட்டி நெம்ப வேண்டும். அதனால் மரை முழுவதும் கிரீஸ் தடவுங்கள். அச்சு முனையில் எல், ஆர் என்று குறித்திருப்பார்கள், ஆர் செயின் இருக்கும் வலது பக்கத்துக்கு. வலது பெடல் வழக்கம் போலக் கடிகாரச் சுற்றில் இறுகும், இடது பெடலுக்கு மரை தலைகீழ். இது குழப்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஸ்பானரை மேல்நோக்கி மாட்டி முன்சக்கரம் பக்கம் தள்ளினால் இரண்டுமே இறுகும், பின்சக்கரம் பக்கம் இழுத்தால் கழலும். முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் மரை சாய்ந்து ஏறுகிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். ஸ்பானரால் பலவந்தமாகத் திருகினால் கிராங்கே போய்விடும், அது பெடலைவிட அதிக செலவு. கடைசியில் 15 மில்லிமீட்டர் ஸ்பானரிலோ, அச்சின் உள்முனையில் குழி இருந்தால் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆலன் கீயிலோ நன்றாக இறுக்குங்கள், இறுக்கும் திருகுவிசை 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பின்களையும் சேர்த்து. மழைக்காலம் முடிந்ததும் இரண்டு பெடலையும் கழற்றி, மரையைத் துடைத்து, புதுக் கிரீஸ் வைத்து மாட்டினால் அடுத்த வருஷமும் மல்லுக்கட்டாமல் ஸ்பானரில் கழலும்.