நகராட்சி இணையதளத்தைச் சோதிப்பது எப்படி: ஜெராக்ஸ் கடையிலிருந்து சில வழிகள்

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ், ஆன்லைன் வேலை பார்க்கும் கடை என்னுடையது. சொத்து வரி கட்ட, பிறப்புச் சான்று எடுக்க, குடிநீர் இணைப்புக்கு மனுப் போட என்று வருகிறவர்கள் பலர் கையில் நல்ல ஸ்மார்ட்போன் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே முடித்திருக்கலாம். முயன்று பார்த்துவிட்டு, நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எனக்கு வருமானம் குறைந்தாலும் சரி, இவர்கள் தாங்களே வேலையை முடிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் ஊர்த் தளத்தை நீங்களே சோதித்து, குறைகளை எழுதிக் கொடுக்கலாம். கணினிப் படிப்பு வேண்டாம்.

முதலில், முகப்புப் பக்கத்தின் அழகைப் பற்றி விவாதிக்காதீர்கள். ஓடும் எழுத்து வேண்டுமா, படம் பெரிதா என்ற பேச்சுக்கு முடிவே கிடையாது. ஒரு தாளில் ஐந்து வேலைகளை எழுதுங்கள். ‘என் வீட்டுக்கு இந்த அரையாண்டு எவ்வளவு கட்ட வேண்டும், பழைய பாக்கி இருக்கிறதா?’, ‘பிறப்புச் சான்றில் குழந்தை பெயரைச் சேர்க்க என்னென்ன கொண்டுபோக வேண்டும்?’, ‘தெருவிளக்கு எரியவில்லை, யாரிடம் சொல்வது?’ இப்படி, மக்கள் கேட்கும் விதமாகவே எழுதுங்கள். தளத்தின் மெனுவில் உள்ள சொல்லை அப்படியே எழுதினால் விடையை நீங்களே காட்டிக் கொடுத்ததாகிவிடும். ‘வரிவிதிப்பு விவரம் பார்க்கவும்’ என்றால் யாரும் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார்கள்.

அப்புறம் ஆட்கள். இணையதளம் பயன்படுத்த எளிதா என்று பார்க்கும் பயன்பாட்டு ஆய்வில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று 2000-இல் எழுதினார். ஐந்து பேரும் ஒரே மாதிரி ஆளாக இருக்கக் கூடாது. தமிழ் மட்டும் படிக்கிறவர் ஒருவர், கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாத பெரியவர் ஒருவர், விலை குறைந்த போன் வைத்திருப்பவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளை ஒருவர், பார்வையற்றவர் ஒருவர் என்று கேட்டுப் பாருங்கள். அவரவர் போனிலேயே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். உதவி செய்யக் கை பரபரக்கும், செய்யாதீர்கள். விரல் எங்கே நின்றது, எதைத் தவறாக அழுத்தினார், அப்போது என்ன சொன்னார் என்பதை அவர் வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில்தான் அதிகம் மாட்டுவார்கள். எங்கள் ஊரில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண் உண்டு. ஒரு அம்மா பழைய ரசீதைப் பார்த்து ‘14/27’ என்று அப்படியே தட்டினார். சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. நடுவில் இருக்கும் சாய்கோடு கூடாது என்பதுதான் அதன் பொருள், ஆனால் எந்தக் கட்டத்தில் தவறு என்று அது சொல்லவில்லை. அவர் பெயரை அழித்து மறுபடி அடித்தார், போன் எண்ணை அழித்து மறுபடி அடித்தார், கதவு எண்ணைத் தொடவே இல்லை. நகராட்சி தானே கொடுத்த எண்ணை நகராட்சித் தளமே ஏற்காமல் போவது பெரிய குறை. இதைத் தாளில் முதல் வரியில் எழுதலாம். அதேபோல, கடைசிப் பெயர் கட்டாயம் என்று கேட்கிறதா, இனிஷியல் மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார் என்று பாருங்கள். பழைய ரசீதில் உள்ள வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் புதிய எண்ணைக் காட்டுகிறதா என்பதும் முக்கியம்.

தமிழைத் தனியாகச் சோதியுங்கள். அறிவிப்பில் ஒரு வரியை விரலால் அழுத்தி நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக வந்தால் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பிடிஎஃப். தேர்வே ஆகவில்லை என்றால் ஸ்கேன் செய்த படம். இந்தக் கடைசி இரண்டையும் தேடுபொறியால் சரியாகக் கண்டுபிடிக்க முடியாது, திரையைப் படித்துக் காட்டும் செயலியாலும் ஒழுங்காகப் படிக்க முடியாது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இன்னும் பழைய எழுத்துருவில் அறிவிப்பு வந்தால் தயங்காமல் கேளுங்கள். உள்பக்கம் ஒன்றில் இருந்துகொண்டு ‘தமிழ்’ பொத்தானை அழுத்துங்கள். அதே பக்கம் தமிழில் வர வேண்டும், முகப்புக்குத் தூக்கி எறியக் கூடாது. பிழைச் செய்தியும் ரசீதும் தமிழில் உண்டா என்றும் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு போன் அமைப்புகளில், திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக் இருக்கும். அதை இயக்கி, கண்ணை மூடி ஒரு புகார் பதிந்து பாருங்கள். ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் சொன்னால் அந்தப் பொத்தான்களுக்குப் பெயர் வைக்கவில்லை என்று பொருள். படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இல்லையென்றால் பார்வையற்றவர் அங்கேயே நின்றுவிடுவார். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். இதை அளக்க இலவசக் கருவிகள் உண்டு. இவை சலுகைகள் இல்லை, உரிமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. அரசு இணையதளங்களுக்கான மத்திய அரசு வழிகாட்டுதலின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் அமைய உலக அளவில் வகுத்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகளின் இரட்டை ஏ (AA) நிலையை அது கேட்கிறது. கணினியின் குரோம் உலாவியில் உள்ள லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி இதில் சிலவற்றைத் தானாகவே பார்த்து மதிப்பெண் போடும். ஆனால் நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கத்திலும் மேலே சொன்ன அம்மா மாட்டியிருப்பார்.

தகவல் புதிதா என்பதற்கு அதிக நேரம் வேண்டாம். கடைசியாகப் புதுப்பித்த தேதி இருக்கிறதா, ஆணையாளர் பெயர் இன்றைக்கு இருப்பவருடையதா என்று பாருங்கள். கொடுத்திருக்கும் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் பிரிவு 4(1)(b), யாரும் கேட்காமலே வெளியிட வேண்டியவற்றை 17 தலைப்புகளாகச் சொல்கிறது. பொதுத் தகவல் அலுவலர் பெயர் தளத்தில் இருக்கிறதா என்று மட்டுமாவது தேடுங்கள்.

பணம் கட்டும் வேலையை ‘செலுத்து’ பொத்தானோடு நிறுத்தாதீர்கள். உங்கள் வரியைக் கட்டும்போதே சோதித்துவிடுங்கள். கணக்கில் பணம் போய், ரசீது வராமல் நின்றால் என்ன செய்வது என்று அதே திரை சொல்ல வேண்டும். ‘மறுபடி கட்டாதீர்கள், இந்த எண்ணை வைத்து நிலையைப் பாருங்கள்’ என்று இரண்டு வரி போதும். அது இல்லாததால் இரண்டு தடவை கட்டிவிட்டு என் கடை வாசலில் கண் கலங்கி நின்றவர்கள் உண்டு.

அறிக்கை நீளமாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தின் முகவரி, தேதி, போன் மாடல், ஸ்கிரீன்ஷாட், யார் எந்த இடத்தில் நின்றார், எப்படி மாற்றலாம் என்று மட்டும் எழுதுங்கள். வேலையையே நிறுத்திய குறைகள் முதலில், தாமதப்படுத்தியவை அடுத்து, நிறம், படம் பற்றியவை கடைசியில். சோதனைக்கு வந்தவர்களின் பெயர், ஓடிபி, வங்கி விவரம் எதுவும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். பல ஊர்களுக்கு வரித் தளம் ஒன்றே என்பதால், சில குறைகளை உங்கள் ஆணையாளரால் சரிசெய்ய முடியாது. அவற்றைத் தனித் தாளில் எழுதி, நகராட்சி நிர்வாக இயக்குநரகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். நகல் ஒன்றை வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் பகுதி சபாவில் பேசச் சொல்லுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

மறுசோதனைக்கு ஏப்ரல், அக்டோபர் கடைசி வாரங்கள் சரியான நேரம். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை என்பதால் ஊரே அந்த வாரத்தில்தான் தளத்துக்குள் நுழையும். அதே ஐந்து வேலைகளை, முடிந்தால் அதே ஆட்களை வைத்து, மாலை ஏழு மணிக்கு மேல் செய்து பாருங்கள்.