தத்தெடுத்த நாய் வருமுன் வேலூர் வீடுகளில் நேரும் தவறுகள்

நாயைத் தத்தெடுப்பது என்று முடிவானதும் பலர் முதலில் கடைக்குத்தான் செல்கிறார்கள். பஞ்சு மெத்தை, வண்ணக் கழுத்துப்பட்டை, ரப்பர் எலும்பு எல்லாம் வாங்கியாகிவிடும். ஆனால் அது படுக்கப்போகும் இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் எங்கே விழுகிறது என்று எவரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேலூரைப் பொறுத்தவரை, மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதுவே பெரியது.

கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் ஊர் இது. நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்பதால், சுற்றியுள்ள காற்றே கொதிக்கும்போது அந்த வழியும் பெரிதாக உதவுவதில்லை. அதன் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே மொட்டை மாடியிலோ, தகரக் கொட்டகையிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழோ கூண்டு அமைப்பதைக் கைவிட வேண்டும். பகலில் சூடேறிய தளம் இரவிலும் அனல் வீசும். தரைத்தளத்தில், மேற்கு வெயில் படாத, காற்றோட்டமுள்ள ஒரு மூலையும், விரிக்க ஒரு பழைய சாக்கும், வாயகன்ற இரண்டு மண்சட்டிகளில் தண்ணீரும் போதும். மெத்தையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பல நாய்கள் அதைக் கிழித்துவிட்டுக் குளிர்ந்த தரையில்தான் படுக்கும்.

தண்ணீரைச் சேமித்து வைக்கும் பழக்கத்தாலும் ஓர் ஆபத்து உண்டு. பாலாறு வறண்டு கிடக்க, குழாய்த் தண்ணீரும் முறை வைத்தே வரும் இப்பகுதியில் தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இல்லாத வீடு குறைவு. மோட்டார் போடும்போது திறந்த மூடியை அப்படியே விட்டுவிடுவது நம் வழக்கம். குட்டி உள்ளே விழுந்தால் வழுக்கும் சுவரில் அதனால் ஏற முடியாது. கேட்டின் கம்பி இடைவெளியையும் அளந்து பார்த்து, தேவையானால் வலை கட்டிவிட வேண்டும். புதிய நாய்கள் முதல் சில நாள்களில்தான் அதிகம் தப்பி ஓடுகின்றன. சத்துவாச்சாரி போல் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளில் அவ்வாறு ஓடும் நாய் லாரிகளுக்கு நடுவே போய் நிற்கும். அதற்காக நாள் முழுதும் கட்டிவைப்பதும் சரியன்று. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் விலங்கைக் கட்டிவைப்பது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

உணவில் பாசமே தவறாகிவிடுகிறது. வந்த அன்றே பால்சோறு வைத்தால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்கு ஏற்படும். முன்பு தின்று பழகிய உணவைக் கேட்டறிந்து, ஏழு முதல் பத்து நாள்களில் சிறிது சிறிதாக மாற்றுவதே நல்லது. ஞாயிற்றுக்கிழமை மீந்த ஆம்பூர் பிரியாணியை நாய்க்குக் கொட்டுவது இங்கு சர்வசாதாரணம். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்போ சிராய்களாக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. தோல் தொழில் நடக்கும் ஊர்களில் எளிதாகக் கிடைக்கும் பதனிட்ட தோல் துண்டுகளைக் கடிக்கக் கொடுப்பவர்களும் உண்டு. அவை குரோமிய உப்புகளால் பதப்படுத்தப்பட்டவையாக இருக்கலாம். விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளவும் கூடும்.

உண்ணியை நாயின் மேல் மட்டுமே தேடுவது மற்றொரு பிழை. உண்ணியின் வாழ்நாளில் பெரும்பகுதி சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் கழிகிறது; ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய் வருமுன்பே வெடிப்புகளைச் சிமெண்டால் பூசிவிட வேண்டும். மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து குட்டியின் மேல் ஊற்றுவது நோயைவிடக் கொடியது. முன்பு அந்த வீட்டில் பார்வோ என்னும் கொடிய வைரஸ் நோயால் குட்டி இறந்திருந்தால், அக்கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு நீர் என்ற அளவில் தரையைக் கழுவினாலும், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவராமல் இருப்பதே பாதுகாப்பு. தெருவிலிருந்து வந்த நாய்க்கு ‘ஊசி போட்டாயிற்று’ என்று வாய்மொழியாகச் சொன்னால் நம்பக் கூடாது. சான்று இல்லையெனில், மூன்று மாதம் நிறைந்த நாயை அரசு கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வெறிநோய்த் தடுப்பூசியைப் போட்டுவிட வேண்டும்.

வந்த அன்றே குளிப்பாட்டுவதையும், தெருப்பிள்ளைகளை எல்லாம் அழைத்துக் காட்டுவதையும் ஒரு வாரமாவது தள்ளிவைக்கலாம். மிரண்ட நாய் கட்டிலுக்கு அடியில் பதுங்கினால் கையை விட்டு இழுப்பவர்தான் முதற்கடி வாங்குகிறார். சாப்பாட்டுத் தட்டை அருகில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டால், வீடு அடங்கிய பிறகு அதுவே வெளியே வந்து தின்னும்.