பூரணம் வழியாத குக்கீ: எங்கெல்லாம் தவறு நடக்கிறது?

கடிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. அதற்காகத்தான் பூரணத்தை உள்ளே மறைத்துச் சுடும் இந்தக் குக்கீக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம். ஆனால் ஓவனைத் திறந்தால் தட்டு முழுக்கக் கேரமல் வழிந்து கருகிக் கிடக்கிறது. என் முதல் இரண்டு தட்டுகளும் அப்படித்தான் போயின. பழியை ஓவன்மேல் போட்டேன். பாவம், அது சொன்னபடிதான் சுட்டிருந்தது.

எந்தப் பூரணத்தையும் மாவுக்குள் பொதிந்து சுட்டுவிடலாம் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான சேதம் தொடங்குகிறது. ஓவன் 175 அல்லது 180 டிகிரி செல்சியஸில் இருக்கும். தண்ணீரோ 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளர்வான ஜாமை உள்ளே வைத்தால் அதிலுள்ள நீர் ஆவியாகி, மாவு மெலிந்திருக்கும் இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஜாம்தான் வேண்டுமென்றால் முதலில் அடுப்பில் கிளறி இறுக்கி, ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். சாக்லேட் பசையைச் சிறு கரண்டியால் பேக்கிங் தாளில் பொட்டுப் பொட்டாக வைத்து, ஒரு மணி நேரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் இளகத் தொடங்கும் என்பதால், நான்கைந்தாக மட்டும் எடுத்துப் பொதிவது நல்லது.

அடுத்தது பேராசை. 45 கிராம் மாவுக்கு 10 கிராம் பூரணம் போதும். அதற்கு மேல் திணித்தால் மாவுச் சுவர் மெலிந்துபோகும். பலர் மேற்புறத்தை அழகாக மூடிவிட்டு அடிப்புறத்தைக் கவனிப்பதில்லை. கசிவது பெரும்பாலும் அங்கேதான். விளிம்புகளைக் கிள்ளி ஒட்டி, உள்ளங்கையில் உருட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள்.

உருட்டும்போது கைச்சூட்டிலேயே வெண்ணெய் இளகிவிடும். அப்படியே சுட்டால் குக்கீ அகலமாகப் பரவி, பூரணம் நடுவில் தனியாக நிற்கும். எனவே உருண்டைகளை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே சுட வேண்டும். அவசரத்தில் முதல் சுற்றுக்கு எடுத்த சூடான தட்டிலேயே அடுத்த சுற்றையும் அடுக்கினால், குளிரவைத்ததெல்லாம் வீண்.

வெந்ததா என்று பல்குச்சியால் குத்திப் பார்க்காதீர்கள். குச்சியில் ஒட்டுவது பூரணம்தான். வேகவில்லை என்று நினைத்து இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் குக்கீ கல்லாகிவிடும். ஓரம் பொன்னிறமாகி, நடு சற்று மென்மையாக இருக்கும்போதே எடுங்கள், ஆறும்போது இறுகிவிடும்.

உடைத்தால் மிட்டாய் கொட்டும் குக்கீயின் கதை வேறு. சர்க்கரைப் பாகில் செய்த கடின மிட்டாய் ஓவனில் உருகிவிடும். ஆகவே குக்கீகளைத் தனியாகச் சுட்டு, ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். அடியில் ஒன்று, நடுவில் துளையிட்டது ஒன்று, மேலே ஒன்று என மூன்று அடுக்கு. இதற்கான மாவில் பேக்கிங் பவுடரைத் தவிர்த்துவிடுங்கள். சேர்த்தால் உப்பிப் பரவி, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாது. சுடுவதற்கு முன்பே துளையை வெட்டுங்கள். வடிவம் கோணியிருந்தால் ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே திருத்துங்கள். ஆறியபின் கத்தியை வைத்தால் விரிசல் விழும்; நான் உடைத்தவற்றைச் சாப்பிட்டே ஒரு மாலை கழிந்தது. அடுக்குகளை ஒட்டக் கெட்டியான ஐசிங் (சர்க்கரைப் பசை) வேண்டும், அது உலரும்வரை பொறுமையும் வேண்டும். மேல் அடுக்கை ஒட்டும் முன், துளையை மிட்டாயால் முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். அடைத்து வைத்தால் உடைத்தாலும் எதுவும் கொட்டாது.

பூரணம் பொதிந்து சுட்டதை உடனே நீட்டிவிடாதீர்கள். வெளியே ஆறியதுபோல் தெரியும்போதும் உள்ளே இருக்கும் கேரமல் நாக்கைச் சுட்டுவிடும். கால் மணி நேரமாவது ஆறட்டும். நாணயம், சிறு பொம்மை போன்றவற்றை விளையாட்டுக்குக்கூட உள்ளே வைக்காதீர்கள். பல் உடையலாம், குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். பூரணத்தில் வேர்க்கடலையோ பாதாமோ இருந்தால், வியப்பு கெட்டாலும் பரவாயில்லை, தட்டை நீட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். சாப்பிடுபவர்களில் யாருக்காவது அவை ஒவ்வாது என்று தெரிந்தால், அன்றைக்கு அந்தப் பூரணத்தையே செய்யாதீர்கள்.