முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு: மீல் பிளான் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைக்கு இடம் கிடைத்து, டார்ம் (மாணவர் விடுதி) அறையும் உறுதியாகிவிட்டால் அடுத்த வேலை மீல் பிளான், அதாவது கேம்பஸ் டைனிங் ஹாலில் சாப்பிட முன்கூட்டியே பணம் கட்டும் திட்டம். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதே என்று வீட்டில் இருப்பதிலேயே பெரியதை எடுக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். நான் கணக்குப் போட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: உங்களுக்கு எது கட்டாயம் என்று பாருங்கள். டார்மில் தங்கும் முதலாம் ஆண்டு மாணவர்கள் ஏதாவது ஒரு பிளான் எடுத்தே ஆக வேண்டும் என்பது பல இடங்களில் விதி. குறைந்தபட்சம் எந்தப் பிளான் என்பது அறை ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

படி 2: டைம்டேபிளை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வாரத்துக்கு 21 வேளை என்றால் ஏழு நாளும் மூன்று வேளை. பத்து மணிக்குத்தான் முதல் வகுப்பு, ஒன்பதரைக்குத்தான் எழுவீர்கள் என்றால் அந்தக் காலைச் சாப்பாட்டை அடித்துவிடுங்கள். பல டைனிங் ஹால்களில் சனி, ஞாயிறு காலையும் மதியமும் சேர்ந்து ஒரே பிரஞ்ச் ஆகிவிடும், அதையும் கழியுங்கள். இதற்கு எக்ஸெல் எல்லாம் வேண்டாம்; காகிதமும் பேனாவும்தான் என் சிபாரிசு, ஏனென்றால் ஒவ்வொரு கட்டத்தையும் கையால் அடிக்கும்போதுதான் "நிஜமாகவே போவேனா?" என்று யோசிப்போம்.

படி 3: ஒரு வேளைக்கு என்ன விலை? எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். உதாரணத்துக்கு, ஒரு பிளான் செமஸ்டருக்கு 2,400 டாலர், வாரம் 14 வேளை, கூடவே 300 டைனிங் டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300 கேம்பஸ் கடைகளில் செலவழிக்கும் காசு, அதை முதலில் கழித்துவிட வேண்டும். மீதி 2,100. செமஸ்டர் 15 வாரம் என்றால் மொத்தம் 210 வேளை, ஆக வேளைக்கு 10 டாலர். சரி, நீங்கள் வாரம் 10 வேளைதான் போகிறீர்கள் என்றால்? அதே 2,100ஐ 150ஆல் வகுங்கள், 14 டாலர். இப்போது பிளான் இல்லாதவர்களிடம் டைனிங் ஹால் வாசலில் என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அது 14க்குக் கீழே இருந்தால் அந்தப் பிளான் உங்களுக்கு நஷ்டம்தான்.

படி 4: வாரக் கணக்கா, பிளாக்கா? வாரக் கணக்கில் மிச்சமான ஸ்வைப் (கார்டைத் தேய்த்து உள்ளே போகும் ஒரு வேளைச் சாப்பாடு) பொதுவாக அந்த வாரத்தோடு போய்விடும். பிளாக்கில் செமஸ்டர் முழுவதற்கும் ஒரே எண்ணிக்கை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். நவம்பர் நான்காவது வியாழன் தேங்க்ஸ்கிவிங். அந்த வாரம் நண்பர் வீட்டுக்குப் போனால் வாரக் கணக்குக்காரருக்கு ஸ்வைப் வீண், பிளாக்காரருக்கு இழப்பில்லை. அதனால் என் ஓட்டு பிளாக்குக்குத்தான், ஆனால் மாதம் ஒருமுறை மீதியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அது வராது என்றால் வாரக் கணக்கே நல்லது, கடைசி மாதம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்காது.

படி 5: பிளானை மாற்றும் கடைசித் தேதியைக் காலண்டரில் போடுங்கள். பெரும்பாலும் செமஸ்டரின் முதல் சில வாரங்களுக்குள் வரும். பெரிய பிளானுக்குப் போவது சுலபம், அந்தத் தேதிக்குப் பிறகு குறைப்பதுதான் கஷ்டம். ஆகவே இரண்டுக்கும் நடுவில் குழம்பினால் சிறியதை எடுங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் சைவத்துக்கு என்ன வழி, அலர்ஜிக்கு என்ன வழி என்று கேட்டார்கள். பிளானுக்குப் பணம் கட்டும் முன்பே டைனிங் ஹாலின் ஒரு வார மெனுவை இணையத்தில் பார்த்துவிடுங்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாற்றில் கொதிக்க வைத்திருக்கலாம், சேர்மானப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் எள்ளும் முக்கிய அலர்ஜி உணவுகளில் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் கவனியுங்கள். கடுமையான அலர்ஜி இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு டைனிங் அலுவலகத்துக்கு இப்போதே எழுதுங்கள். பிளானிலிருந்து விலக்கு கேட்பதானாலும் செமஸ்டர் தொடங்கும் முன் கேட்பதுதான் நல்லது.